பழைய ஜீப் போடும் சத்தம் - அது என்ன சொல்லுகிறது?

நெல்லைச் சீமை என்றதும் தாமிரபரணி நினைவுக்கு வரும். பச்சை வயலும் வாழைத் தோட்டமும் கண் முன்னே நிற்கும்.

அதே சீமையின் தென்கோடியில் வேறு ஓர் உலகம் இருக்கிறது. அதுதான் ராதாபுரம் வட்டாரம்!

ஒரு பக்கம் மலை. மறு பக்கம் கடல். நடுவே வானம் பார்த்த பூமி. பனை, முருங்கை, காற்றாலை. திசையன்விளை, குட்டம் பக்கம் போனால் சிவந்த தேரி மணல். உவரி, இடிந்தகரை பக்கம் போனால் உப்புக் காற்று.

தேரி மணலில் சாதாரணக் கார் திணறும். இழுக்கும் சக்கரம் சுழன்று சுழன்று குழி பறிக்கும். வண்டி மட்டும் அசையாது.

அந்த இடத்தில் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டிதான் கை கொடுக்கும். பழைய ஜீப், பின்னால் பெட்டி வைத்த பழைய பிக்கப் ஆகியவை அந்த ஜாதி.

அப்படி ஒரு வண்டியை வைத்துச் சுமை அடித்துப் பிழைக்கும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். வண்டி ஓடினால்தான் அடுப்பு எரியும். பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவும் அதில்தான்.

திடீரென்று ஒரு நாள் அந்த வண்டி புதிதாக ஒரு சத்தம் போடுகிறது. "எவ்வளவு செலவு இழுத்து விடுமோ?" என்று வீட்டில் எல்லோர் முகமும் வாடிவிடுகிறது.

சிலர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கொண்டு, காதில் விழாதது போல ஓட்டுவார்கள். சிலர் பயந்துபோய், "எல்லாத்தையும் கழற்றி மாற்றி விடு" என்பார்கள். முன்னவருக்கு வண்டி போகும். பின்னவருக்குப் பணம் போகும்.

இரண்டும் வேண்டாம். சத்தம் எப்படி இருக்கிறது என்பதை விட, எப்போது வருகிறது என்று கவனியுங்கள். பாதி நோய் அங்கேயே தெரிந்துவிடும்!

யுத்தத்தில் பிறந்த வண்டி

ஜீப் பிறந்தது இரண்டாவது உலக யுத்தத்தின்போது. 1940-ம் ஆண்டு அமெரிக்க ராணுவம், "எந்த மேடு பள்ளத்திலும் போகும் சின்ன வண்டி வேண்டும்" என்று கேட்டது. பாண்டம் என்ற சிறிய கம்பெனி முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. 1941 முதல் வில்லிஸ், போர்டு கம்பெனிகள் அதை ஏராளமாகச் செய்து தள்ளின. யுத்தம் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்புகள் வெளிவந்தன.

நம் நாட்டில் ஜீப்பைப் பூட்டி விற்றது மகிந்திரா கம்பெனி. அது 1945-ல் தொடங்கியபோது அதன் பெயர் என்ன தெரியுமா? 'மகிந்திரா - முகமது'! முதலில் அது இரும்பு வியாபாரம்தான் செய்தது. பங்காளியாக இருந்த குலாம் முகமது, தேசப் பிரிவினையின்போது பாகிஸ்தான் சென்றார். பிறகு அந்த நாட்டின் கவர்னர் ஜெனரல் ஆனார். கம்பெனி 'மகிந்திரா - மகிந்திரா' என்று பெயர் மாறியது.

1947-ல் அமெரிக்காவிலிருந்து வில்லிஸ் ஜீப்பின் பாகங்கள் வந்தன. அவற்றை இங்கே பூட்டத் தொடங்கினார்கள். பின்னால் எத்தனையோ மாதிரிகள் வந்துவிட்டன. ஆனாலும் பழைய ஜீப்பிலும், நாலு சக்கரம் இழுக்கும் பிக்கப்பிலும் என்ஜினின் சக்தி சக்கரத்துக்குப் போகும் பாதை ஏறத்தாழ ஒன்றுதான். அந்தப் பாதை தெரிந்தால், சத்தம் வரும் இடமும் தெரியும்.

அணையும் வாய்க்காலும்

விவசாயிக்கு இதைப் புரிய வைப்பது சுலபம்.

என்ஜினை அணை என்று வைத்துக் கொள்ளுங்கள். கிளட்ச், அணையின் ஷட்டர். கியர்பாக்ஸ், தண்ணீரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இடம்.

சாதாரண வண்டியில் அங்கிருந்து ஒரே வாய்க்கால்தான் போகும். நம் வண்டியில் வாய்க்கால் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று முன்னே, ஒன்று பின்னே. பிரித்துக் கொடுக்கும் பெட்டிக்கு டிரான்ஸ்பர் கேஸ் என்று பெயர். டிரைவர் பக்கத்தில், கியர் கம்பிக்கு அருகில் தனிக் கம்பி நிற்கிறதே, அது இந்தப் பெட்டியினுடையது. சில வண்டிகளில் இரண்டு கம்பிகள் இருக்கும்.

அந்த இரண்டு வாய்க்கால்களும் நீண்ட இரும்புக் குழாய்கள். அவைதான் புரொபெல்லர் ஷாப்டுகள். ஒவ்வொரு ஷாப்டின் இரு நுனியிலும் ஒரு மூட்டு உண்டு. சிலுவை வடிவில் இருப்பதால் டிரைவர்கள் அதை 'கிராஸ்' என்கிறார்கள்.

வாய்க்கால் கடைசியில் மடையில் போய்ச் சேருகிறது. அதுதான் டிபரன்ஷியல். அச்சின் நடுவில் பானை போல உருண்டு தெரியும். அதற்குள்ளே பினியன் என்ற சிறிய பல் சக்கரம், கிரவுன் என்ற பெரிய பல் சக்கரத்தைச் சுழற்றுகிறது. இடது, வலது சக்கரங்களுக்குச் சக்தியைப் பங்கிட்டுக் கொடுப்பதும் இந்தப் பானைதான்.

சாதாரண வண்டிக்கு ஒரு பானை. நம் வண்டிக்கு இரண்டு! ஆகவே சத்தம் வரக்கூடிய இடங்களும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

எப்ப கேக்கு?

பட்டறை வாசலில் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்:

"அண்ணாச்சி, வண்டியில என்னமோ சத்தம் கேக்கு."

"என்ன சத்தம்ல?"

"கடகடன்னு கேக்கு, அண்ணாச்சி."

"எப்ப கேக்கு? போகும்போதா, நிக்கும்போதா? நேரா போகும்போதா, திரும்பும்போதா?"

"அதைக் கவனிக்கலியே!"

"அப்பம் போய்க் கவனிச்சிட்டு வா. பொறவு ஸ்பானரை எடுப்போம்."

தொழில் தெரிந்தவர் ஸ்பானரைத் தொடுமுன் கேள்வி கேட்பார். வைத்தியர் நாடி பிடிப்பது போல. அந்தக் கேள்விகளை நாமே கேட்டுப் பார்க்கலாம்.

நின்ற இடத்தில் சத்தமா?

வண்டி நிற்கிறது. என்ஜின் ஓடுகிறது. கியர் நியூட்ரலில் இருக்கிறது. ஒரு உறுமல் கேட்கிறது.

கிளட்சை மிதியுங்கள். சத்தம் நின்றுவிட்டதா? அப்படியானால் கியர்பாக்ஸின் முன்பக்கத்து பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். கிளட்சை மிதித்தால் அந்தப் பக்கம் சுழலாமல் நின்று விடுகிறது. அதனால் சத்தமும் நிற்கிறது.

மாறாக, மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால், அது பெரும்பாலும் கிளட்சின் ரிலீஸ் பேரிங். மிதிக்கும்போதுதான் அதற்கு வேலை.

ஓடும்போது முதல், இரண்டாவது கியர்களில் இரைந்து, நேர் கியரில் சத்தம் குறைந்தால், கியர்பாக்ஸுக்குள் இருக்கும் துணைத் தண்டைப் பார்க்க வேண்டும். நேர் கியரில் சக்தி அதன் வழியாகப் போவதில்லை. மூன்று கியர், நான்கு கியர் வண்டிகளில் கடைசி கியர்தான் நேர் கியர். ஐந்து கியர் வண்டிகளில் பெரும்பாலும் நான்காவது கியர்.

நாலு சக்கர வண்டிக்கு இன்னொரு வசதி உண்டு. டிரான்ஸ்பர் கேஸ் கம்பியை நியூட்ரலில் வைத்துவிட்டு, கியர்பாக்ஸை மட்டும் கியரில் போட்டு ஓட விடலாம். வண்டி நகராது. அப்போதும் சத்தம் இருந்தால், கோளாறு கியர்பாக்ஸிலோ, டிரான்ஸ்பர் கேஸின் முன்பாதியிலோ இருக்கிறது. சத்தம் இல்லை என்றால் பின்னால் தேட வேண்டும்.

ஆனால் ஜாக்கிரதை! அந்தக் கம்பி நியூட்ரலில் இருந்தால், கியர் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. சரிவில் தானாக உருண்டுவிடும். சோதனையைச் சமதளத்தில்தான் செய்ய வேண்டும். கைப்பிரேக் போட்டு, நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

பழைய ஜீப்பின் டிரான்ஸ்பர் கேஸுக்குள் சங்கிலி கிடையாது. எல்லாம் பல் சக்கரங்கள்தான். அதனால் எப்போதும் மெல்ல முனகிக் கொண்டே இருக்கும். அது அதன் குணம். முனகல் திடீரென்று கூடினாலோ, கம்பி தானாக நழுவி வெளியே வந்தாலோதான் கவலைப்பட வேண்டும்.

'டங்' என்று இடித்தால்

வண்டியைக் கிளப்பும்போது ஒரு 'டங்'. ரிவர்ஸ் போட்டால் இன்னொரு 'டங்'. ஆக்ஸிலேட்டரை விட்டு மறுபடி மிதித்தாலும் 'டங்'.

எங்கோ ஆட்டம் கொடுத்திருக்கிறது என்று அர்த்தம். முதல் சந்தேகம் கிராஸ் மீது!

அந்தச் சிலுவைக்கு நான்கு கைகள். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு சின்னக் குப்பி. குப்பிக்குள் ஊசி போன்ற சிறு உருளைகள். அவற்றுக்கு உயிரே கிரீஸ்தான். மணலும் உப்புக் காற்றும் புகுந்தால் கிரீஸ் கெட்டுவிடும். உருளைகள் துருப்பிடித்துப் பொடியாகும்.

இந்த மூட்டைக் காருக்கு ஏற்றபடி அமைத்து 1903-ல் அமெரிக்காவில் உரிமை பெற்றவர் கிளாரன்ஸ் ஸ்பைசர். அதற்கு முன் பல கார்களில் சைக்கிள் போலச் சங்கிலிதான் சக்கரத்தைச் சுழற்றியது.

கிராஸ் சாகுமுன் அறிவிப்புக் கொடுக்கும். வண்டி மெல்லப் போகும்போது 'கீச்... கீச்... கீச்' என்று குருவி கத்துவது போலக் கேட்கும். கிரீஸ் காய்ந்துவிட்டது என்று அது சொல்லுகிறது! அந்த நேரத்தில் கிரீஸ் அடித்தால் சில மூட்டுகள் பிழைத்துக் கொள்ளும். குப்பியின் ஓரத்தில் செங்கல் நிறத்தில் பொடி தெரிந்தால், காலம் கடந்துவிட்டது. கிராஸை மாற்ற வேண்டியதுதான்.

சோதிப்பது சுலபம். என்ஜினை நிறுத்துங்கள். சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். கியரை நியூட்ரலில் வையுங்கள். ஷாப்டைக் கையால் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்புங்கள். மூட்டின் ஒரு பக்கம் அசைந்து, மறுபக்கம் தாமதமாக அசைந்தால் கிராஸ் போய்விட்டது. கிராஸ் நன்றாக இருந்து, டிபரன்ஷியலுக்குள் 'டக்' என்று கேட்டால் கிரவுன், பினியன் பக்கம் ஆட்டம். எந்த வண்டிக்கும் கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும். முன்னைவிடக் கூடியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அச்சை வில்லோடு சேர்த்துப் பிடிக்கும் போல்டுகளையும் தட்டிப் பாருங்கள். ஒரு போல்டு தளர்ந்தாலும் இதே 'டங்' வரும். சில நிமிஷ வேலைக்காக டிபரன்ஷியலையே பிரித்துப் போட வேண்டாம்!

கிராஸ் மாற்றியும் நடுக்கமா?

"புது கிராஸ் போட்டேன். அதற்குப் பிறகுதான் வண்டி நடுங்குகிறது!" என்று சிலர் சொல்வதுண்டு.

காரணம் இதுதான். சரிவாக நிற்கும் மூட்டு ஒரு சீராகச் சுழலாது. ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை வேகம் கூடும், இரண்டு தடவை குறையும். ஒரு நுனியில் கூடுவதை மறு நுனி குறைத்துச் சரிக்கட்ட வேண்டும். அதற்காகத்தான் இரண்டு மூட்டுகளும் ஒரே வாட்டத்தில் நிற்கும்படி செய்திருக்கிறார்கள்.

ஷாப்ட் நடுவில் ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு துண்டாக இருக்கும். கழற்றிப் பூட்டும்போது ஒரு பல் தள்ளி நுழைத்துவிட்டால் வாட்டம் தவறிவிடும். பிறகு ஓயாத நடுக்கம்தான். சில ஷாப்டுகளில் அம்புக் குறி போட்டிருப்பார்கள். குறி இல்லாவிட்டால் கழற்றுமுன் நாமே கோடு கீறி வைக்க வேண்டும்.

'ஊ...' என்று ஊளையிட்டால்

இந்தச் சத்தம்தான் பலரை ஏமாற்றுகிறது. டயரும் ஊளையிடும். வீல் பேரிங்கும் ஊளையிடும். டிபரன்ஷியலும் ஊளையிடும்! இதைப் பிரித்து அறிய மூன்று சோதனைகள்.

முதலாவது, ரோட்டைக் கவனியுங்கள். தார் ரோட்டில் இரைந்து, மண் ரோட்டில் இறங்கியதும் மாறினால் அது டயர். டிபரன்ஷியலுக்குத் தார் என்ன, மண் என்ன!

இரண்டாவது, ஆக்ஸிலேட்டர். மிதித்தால் ஊளை கூடி, விட்டால் குறைந்தால், அல்லது விடும்போது மட்டும் வந்தால், கிரவுன், பினியன் அல்லது பினியன் பேரிங்கைப் பார்க்க வேண்டும். மிதிக்கும்போது பல்லின் ஒரு முகம் உரசுகிறது. விடும்போது மறு முகம் உரசுகிறது. அதனால்தான் இந்த வித்தியாசம்.

மூன்றாவது, ஸ்டியரிங். மிதித்தாலும் விட்டாலும் ஒரே உறுமல் என்றால் வீல் பேரிங்காக இருக்கலாம். ஆள் இல்லாத நேர் ரோட்டில், மிதமான வேகத்தில், மெல்ல வலது பக்கம் வளையுங்கள். பாரம் இடது சக்கரத்தில் சாயும். உறுமல் கூடினால் இடது பேரிங்கைச் சந்தேகியுங்கள். இடது பக்கம் வளைக்கும்போது கூடினால் வலது பேரிங்.

நேரே போகும்போது அமைதி, வளைவில் மட்டும் பின்னால் 'கறமுற' என்றால், டிபரன்ஷியலுக்குள் இருக்கும் சிறு பல் சக்கரங்களைப் பார்க்க வேண்டும். வளையும்போதுதான் அவை வேலை செய்யும். முன் சக்கரத்தை முழுக்கத் திருப்பும்போது, நாலு சக்கரமும் இழுக்கையில் 'கிளிக் கிளிக்' என்றால், முன் அச்சின் நுனியில் உள்ள மூட்டு தேய்ந்திருக்கலாம்.

கோளாறே இல்லாத சத்தம்!

ஒரு சத்தம் கோளாறினால் வருவதில்லை. ஓட்டுகிறவரால் வருகிறது!

தேரியில் நாலு சக்கரக் கம்பியைப் போடுகிறார். மணலைத் தாண்டித் தார் ரோட்டுக்கு வந்த பிறகும் அதை எடுக்க மறந்து விடுகிறார். வளைவில் வண்டி இழுத்துப் பிடிக்கிறது. ஸ்டியரிங் கனக்கிறது. கீழே 'டங்' என்று இடிக்கிறது. "டிரான்ஸ்பர் கேஸ் போச்சு" என்று பதறுகிறார்.

நடந்தது என்ன? வளைவில் முன் சக்கரங்கள் பெரிய வட்டம் போடும். பின் சக்கரங்கள் சின்ன வட்டம் போடும். முன் சக்கரத்துக்குத் தூரம் அதிகம். ஆனால் பழைய ஜீப்பில் நாலு சக்கரக் கம்பியைப் போட்டால், முன் ஷாப்டும் பின் ஷாப்டும் ஒன்றாகக் கட்டப்பட்டு விடுகின்றன. ஒன்று கூடவும் முடியாது, ஒன்று குறையவும் முடியாது.

மணலில் சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சரி செய்துகொள்ளும். தார் ரோட்டில் வழுக்க இடம் இல்லை. துணியைப் பிழிவது போல, பாதை முழுவதும் முறுக்கேறிவிடும். கம்பியும் வெளியே வராமல் சிக்கிக் கொள்ளும்.

கம்பியை முரட்டுத்தனமாக இழுக்க வேண்டாம். நேராகக் கொஞ்ச தூரம் பின்னால் வாருங்கள். முறுக்கு அவிழ்ந்து கம்பி தானாக இறங்கும். மணலுக்கும் சேற்றுக்கும் நாலு சக்கரம். காய்ந்த தாருக்கு இரண்டு சக்கரம். இதை மறக்கவே கூடாது!

பாதியைக் கழித்துவிடு!

சத்தம் முன்னாலா பின்னாலா என்று குழப்பமா? இரண்டு சக்கர ஓட்டத்தில் முன் ஷாப்டுக்கு வேலை இல்லை. ஆனாலும் முன் சக்கரங்கள் உருளும்போது அச்சும் ஷாப்டும் சும்மா சுழன்று கொண்டிருக்கும். சில வண்டிகளில் முன் ஹப்பில் திருகி விடுவிக்கும் பூட்டு உண்டு. அதை விடுவித்தால் முன் அச்சு நின்றுவிடும். பூட்டு இல்லாவிட்டால் மெக்கானிக் முன் ஷாப்டைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு சக்கரத்தில் ஓட்டிப் பார்ப்பார்.

சத்தம் போய்விட்டதா? கோளாறு முன்பாதியில். இன்னும் இருக்கிறதா? முன் ஷாப்டை மறந்துவிடலாம். ஹப் பூட்டை விடுவித்துப் பார்த்திருந்தால் முன் பானையையும் மறந்துவிடலாம்.

எண்ணத் தெரிந்தால் போதும்

பழைய ஜீப் வகைகள் சிலவற்றில் கிரவுனுக்கு 43 பல், பினியனுக்கு 8 பல். 43-ஐ 8-ஆல் வகுத்தால் 5-க்குச் சற்று மேல் வரும். அதாவது சக்கரம் ஒரு தடவை சுற்றினால், ஷாப்ட் ஐந்து தடவைக்கு மேல் சுற்றுகிறது!

16 அங்குல ரிம் போட்ட பழைய ஜீப் டயர் ஒரு சுற்றில் சுமார் இரண்டேகால் மீட்டர் போகும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிஷத்துக்கு 150 தடவை சுற்றும். ஷாப்ட் சுமார் 800 தடவை சுற்றும். காய்ந்த கிராஸ் சீக்கிரம் தேய்வதில் ஆச்சரியம் உண்டா?

இந்தக் கணக்கை வைத்தே கோளாறைப் பிடிக்கலாம். டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். ஒருவர் வண்டியை நடை வேகத்தில் ஓட்டட்டும். இன்னொருவர் எட்ட நின்று எண்ணட்டும்.

கோடு ஒரு தடவை சுற்றி வரும்போது ஒரு 'டக்' என்றால், சக்கரத்தோடு சுற்றும் பொருளில் கோளாறு. பிரேக் டிரம், வீல் பேரிங், கிரவுனில் உடைந்த ஒரு பல் ஆகியவை அந்த வகை.

ஒரு சுற்றுக்குள் ஐந்து 'டக்' என்றால் ஷாப்ட், கிராஸ் அல்லது பினியன்.

மற்ற வண்டிகளுக்குப் பல்லின் எண்ணிக்கை வேறாக இருக்கும். ஆனால் வழி ஒன்றுதான். ஒன்று என்றால் சக்கரம். பல என்றால் ஷாப்ட்.

எண்ணெய் சொல்லும் சாட்சி

பெட்டிகளைப் பிரிக்குமுன் எண்ணெயைப் பாருங்கள். எண்ணெய் குறைந்தாலும் சத்தம் வரும். திருகைத் திறந்து விரலை விட்டால் எண்ணெய் தொட வேண்டும்.

வடித்த எண்ணெயில் சாம்பல் நிறத்தில் மை போன்ற குழம்பு இருந்தால் பயம் இல்லை. அது இயல்பான தேய்மானம். கையில் குத்தும் இரும்புத் துண்டு வந்தால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

பழைய ஜீப்பில் ஒரு விசித்திரம் உண்டு. கியர்பாக்ஸும் டிரான்ஸ்பர் கேஸும் ஒட்டிப் பிறந்த இரட்டையர். நடுவில் உள்ள சீல் தேய்ந்தால், ஒன்றின் எண்ணெய் மற்றொன்றுக்குப் போய்விடும். ஒன்று வறண்டு கத்தும். மற்றது நிரம்பி வழியும். ஆகவே இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அச்சின் மேலே சின்ன மூச்சுக் குழாய் ஒன்று இருக்கும். தேரி மணல் அதை அடைத்துவிடும். உள்ளே சூடேறிய காற்று போக வழி இல்லாமல், எண்ணெயைச் சீல் வழியாக வெளியே தள்ளும். புது சீல் மாற்றியும் ஒழுகினால் இந்தக் குழாயைக் குத்தி விடுங்கள்.

காதுக்கு ஒரு கருவி

1816-ல் பிரான்ஸ் தேசத்து டாக்டர் லென்னெக், காகிதத்தைக் குழல் போலச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். அப்படிப் பிறந்ததுதான் ஸ்டெதாஸ்கோப். பட்டறையில் அந்த வேலையை நீண்ட ஸ்குரூ டிரைவர் செய்கிறது. நுனியைக் கியர்பாக்ஸில் வைத்து, பிடியைக் காதோரம் வைத்தால், எந்த பேரிங் இரைகிறது என்று தெரியும்.

இப்போது எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. சத்தம் வரும்போது அதைப் பதிவு செய்து வையுங்கள். பட்டறைக்குப் போனதும் சில வண்டிகள் நல்ல பிள்ளை போலச் சும்மா இருந்துவிடும். அப்போது அந்தப் பதிவு உதவும்.

என்ஜின் ஓடும்போது ஷாப்ட் பக்கம் யாரும் நெருங்கவே கூடாது. வேட்டி நுனி, தோளில் கிடக்கும் துண்டு, சேலை முந்தானை எதையும் அது சுருட்டி இழுத்துவிடும்.

உடனே நிறுத்து!

சில சத்தங்களுக்கு "நாளைக்குப் பார்ப்போம்" என்று தவணை சொல்லக் கூடாது.

காலுக்கடியில் பலமாக அடிக்கிறது, வண்டியும் நடுங்குகிறது என்றால் உடனே ஓரம் கட்டுங்கள். பின் ஷாப்டின் முன் மூட்டு முறிந்தால், அந்த நுனி ரோட்டில் விழுந்து குத்தும். பாரம் ஏற்றிய வண்டி தூக்கி எறியப்படலாம்.

சக்கரம் ஆடுகிறது, 'கறகற' என்று அரைக்கிறது என்றாலும் நிறுத்துங்கள். வண்டியை நிறுத்தியதும் நாலு ஹப்பின் அருகிலும் புறங்கையை நீட்டிப் பாருங்கள். மூன்று வெதுவெதுப்பாக இருந்து ஒன்று மட்டும் கொதித்தால், அங்கே பேரிங் சிக்குகிறது அல்லது பிரேக் பிடித்துக் கொண்டிருக்கிறது. கெட்டுப்போன பேரிங்கோடு ஓட்டினால் சக்கரமே கழன்று ஓடலாம்.

இன்னொன்று. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். மணல் தரையில் ஜாக்கி சாய்ந்துவிடும். உறுதியான ஸ்டாண்டு வைத்த பிறகே உள்ளே போக வேண்டும். எந்தச் சத்தத்துக்காகவும் ஓர் உயிரைப் பணயம் வைக்க முடியாது.

ஒரு துண்டுச் சீட்டு

பட்டறைக்குப் போய், "சத்தம் வருது, பாருங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். ஒரு சீட்டில் எழுதிக் கொண்டு போங்கள். டிரைவருக்கு எழுத வராவிட்டால், வீட்டில் படிக்கிற பிள்ளை எழுதித் தரட்டும்.

1. சத்தம் எந்த நாளிலிருந்து வருகிறது? அதற்கு முன் என்ன வேலை பார்த்தோம்?

2. நிற்கும்போதா, ஓடும்போதா? எந்த வேகத்தில்? எந்த கியரில்?

3. ஆக்ஸிலேட்டரை மிதித்தாலா, விட்டாலா?

4. நேரே போகும்போதா, வளைவிலா? எந்தப் பக்கம் வளைந்தால்?

5. நாலு சக்கரக் கம்பி போட்டிருந்ததா?

6. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் எத்தனை தடவை கேட்கிறது?

7. கடைசியாகக் கிரீஸ் அடித்தது என்றைக்கு?

ஏழு வரிதான். இதைப் படித்ததும் மெக்கானிக்குக்கு எந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்று தெரியும். அதைவிட முக்கியம், எந்தப் பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றும் தெரியும்!

கிராஸ் ஒன்றை மாற்றினால் முடிகிற காரியத்துக்குக் கியர்பாக்ஸைப் பிரித்தால், மிச்சப்பட வேண்டிய பணம் அத்தனையும் போய்விடும். அது ஒரு மாதத்து அரிசியாக இருக்கலாம். மகளின் பள்ளிக்கூடப் பணமாகவும் இருக்கலாம்.

இன்று மாலை வண்டியை நிறுத்துமுன், பாட்டை அணைத்துவிட்டுக் கொஞ்ச தூரம் மெல்ல ஓட்டிப் பாருங்கள். நல்ல வண்டியின் சத்தம் காதுக்குப் பழகியிருந்தால்தான், நாளைக்குப் புதிதாக ஒன்று கலந்தால் உடனே தெரியும்.